மழையின் மேல் போட்ட பழி

நீலகிரியில் மண் சரிந்து ஆட்கள் புதையும்போதெல்லாம் நாங்கள் முதலில் சொல்வது மழையளவைத்தான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது என்பதை இங்கே இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த நவம்பரில் ஒரு வாரத்துக்குள் மாவட்டம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அச்சனக்கல், மந்தாடா, கேத்தி என்று ஊர்ப் பெயர்களும் மறக்கவில்லை. அதற்கு முன்னால் 1993 நவம்பரில் குன்னூருக்குக் கீழே மரப்பாலத்தில் சாலையும் ரயில் பாதையும் ஒன்றாகப் போயின. அதற்கும் முன்னால் 1978. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு மழைக்கணக்கு இருக்கிறது. அது பொய்க்கணக்கும் இல்லை. ஆனால் சரிந்த இடத்துக்கு மேலே முன்பு என்ன நின்றது, அதை எந்த வருஷம் வெட்டினோம், வெட்டிய பிறகு அங்கே என்ன வைத்தோம் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. அந்தக் கணக்கை நாங்கள் வைத்துக்கொள்ளவே இல்லை.

'நாங்கள்' என்றால் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படுகர் ஊர்களான ஹட்டிகளில் நிலம் வைத்திருப்பவர்கள், கிழங்கும் கேரட்டும் போடுபவர்கள், கொழுந்து விற்பவர்கள், எஸ்டேட் நடத்துபவர்கள், கான்ட்ராக்ட் எடுப்பவர்கள், சமவெளியிலிருந்து ஏறி வந்து காட்டேஜ் கட்டியவர்கள், என்னைப்போல் இவர்கள் எல்லாரையும் பற்றி எழுதிக் காலம் ஓட்டுபவர்கள். தோடரையும் குறும்பரையும் இருளரையும் இதில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களைக் கேட்டுக்கொண்டு யாரும் புல்வெளியைக் காடாக்கவில்லை, காட்டைத் தோட்டமாக்கவில்லை. எஸ்டேட் லைனில் குடியிருப்பவர்களையும் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது. லைன் வீட்டை எந்தச் சரிவில் கட்டுவது என்று தொழிலாளியை யார் கேட்டார்கள்? 1964ல் இந்தியாவும் சிலோனும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் தோட்டம் போட்டபோதும் நிலத்தைத் தேர்ந்தெடுத்தது வேறு யாரோதான். மண் சரியும்போது கீழே இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள். பழியில் அவர்களுக்குப் பங்கு குறைவு.

மரவேர் மண்ணை எப்படிப் பிடிக்கிறது என்பதை முறையாக அளந்து பார்த்த ஊர் எங்கள் ஊரிலிருந்து வெகுதூரம். அலாஸ்காவில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று ஒன்று. அங்கே மேபீசோ ஓடையின் பள்ளத்தாக்கில் 1950களில் சரிவு சரிவாகக் காட்டை மொட்டையடித்தார்கள். வெட்டிய உடனே ஒன்றும் ஆகவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1961 அக்டோபரில் வந்த ஒரு பெருமழையில், வெட்டிய சரிவுகள் வரிசையாக இறங்கின. டேனியல் பிஷப், மெர்வின் ஸ்டீவன்ஸ் என்ற இருவர் அதை 1964ல் எழுதி வைத்தார்கள். பிறகு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மண் பொறியியல் பேராசிரியராக இருந்த டியன் வூ, வனத்துறை ஆராய்ச்சியாளர் டக்ளஸ் ஸ்வான்ஸ்டனோடு சேர்ந்து அதே தீவில் வேலை செய்தார். வேரை இழுத்து அறுத்து அதன் பலத்தை அளந்தார்கள். மண்ணின் குறுக்குவெட்டில் எவ்வளவு பங்கு வேர் என்று கணக்கெடுத்தார்கள். 1979ல் வந்த அந்தக் கட்டுரையில் ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது. வேரின் இழுவை பலத்தை மண்ணில் வேருக்குள்ள பங்கால் பெருக்கி, அதை 1.2ஆல் பெருக்கினால், வேர் அந்த மண்ணுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பிடிப்பு கிடைக்கும். இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்கள் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எல்லா வேரும் ஒரே நொடியில் அறுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அறும், ஆகவே வூவின் கணக்கு பலத்தைக் கூட்டிச் சொல்கிறது என்று 2005ல் போலன், சைமன் என்ற இருவர் திருத்தினார்கள். அளவுதான் திருந்தியது. வேர் பிடிக்கிறது என்ற அடிப்படை மாறவில்லை.

அது பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மண்சுவர் வைப்பவர்கள் சேற்றில் வைக்கோலைப் போட்டு மிதிப்பது எதற்கோ அதற்குத்தான் சரிவுக்குள் வேர். மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அந்த இழுவையை வேர் வாங்கிக்கொள்கிறது. இதில் பருத்த வேரைவிடச் சன்ன வேருக்குத்தான் மரியாதை. ஒரே குறுக்குவெட்டுப் பரப்புக்குக் கணக்குப் பார்த்தால் மெல்லிய வேர் தடித்த வேரைவிட அதிக இழுவை தாங்கும். நாம் அண்ணாந்து பார்த்து வியக்கும் அடிமரத்துக்கு இதில் பெரிய வேலை இல்லை. மழையின்போது நடப்பதுதான் இதில் முக்கியம். சரிவில் மண் நிற்பதற்கு ஒரு காரணம் மண்துகளுக்கும் மண்துகளுக்கும் இடையிலான உராய்வு. மழைநீர் உள்ளே இறங்கி இடுக்குகளை நிரப்பி அழுத்தம் கொடுக்கும்போது அந்த உராய்வு குறைகிறது. வேர் கொடுக்கும் பிடிப்போ மண் நனைந்தாலும் அப்படிக் குறைவதில்லை. வேரின் தயவு நமக்கு மிக அதிகமாகத் தேவைப்படும் ராத்திரி, மண் தன் சொந்தப் பலத்தை இழக்கும் அதே ராத்திரிதான். அப்படியிருக்க, மழையைக் காரணம் காட்டி வேரைப் பற்றிப் பேசாமல் விட்டோம்.

இந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது பலத்தின் அளவைவிட அதன் காலம். மரத்தை வெட்டினால் வேர் அன்றைக்கே சாவதில்லை. மண்ணுக்குள் கிடந்து மெல்ல மெல்ல அழுகும். நியூசிலாந்தில் காலின் ஓலோக்லின் ரேடியாட்டா பைன் மரங்களை வைத்துப் பார்த்தார். வெட்டி ஒன்றரை ஆண்டுக்குள் சிறு வேர்களின் இழுவை பலம் பாதியாகிவிடுகிறது. பழைய வேர் அழுகிக்கொண்டே போகும், புதிதாக நட்ட கன்றின் வேர் மெல்லத்தான் ஊன்றி வரும். இரண்டுக்கும் நடுவில் சரிவைப் பிடிக்க ஆளில்லாத ஒரு காலம் வருகிறது. அமெரிக்காவில் ராபர்ட் ஸீமரும் பிறகு ராய் சைடலும் இந்த இடைவெளியைக் கணக்கிட்டார்கள். மரத்துக்கும் ஊருக்கும் தகுந்தபடி மாறினாலும், பொதுவாக வெட்டிய 3ஆம் ஆண்டிலிருந்து 15ஆம் ஆண்டுக்குள் சரிவு மிகப் பலவீனமாக இருக்கிறது. 1988 மார்ச்சில் போலா புயல் நியூசிலாந்தின் கிழக்குக் கரையைத் தாக்கியபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. வளர்ந்த காடு இருந்த மலைகளில் சரிவுகள் குறைவு. மேய்ச்சல் நிலமாகவோ பிஞ்சுக் கன்றுகளாகவோ இருந்த மலைகளில் பல மடங்கு அதிகம்.

மூன்று முதல் பதினைந்து ஆண்டு. எங்கள் பொறுப்பின்மை வசதியாக ஒளிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இன்றைக்கு வெட்டி, நாளைக்கே மண் சரிந்தால் யார் வெட்டியது என்று ஊரே கேட்கும். ஏழு வருஷம் கழித்துச் சரிந்தால்? அதற்குள் வெட்டியவர் நிலத்தை விற்றிருப்பார். அனுமதி கொடுத்த அதிகாரி இரண்டு மாவட்டம் மாறியிருப்பார். மரம் ஏற்றிய லாரி கோவையைத் தாண்டியதும் அதன் நினைவும் போயிருக்கும். ஏழாவது வருஷத்துக் கார்த்திகையில் மண் இறங்கும்போது கண்ணுக்கு முன்னால் தெரிவது மழை ஒன்றுதான். பழியை அதன் மேல் போட்டுவிட்டு நிவாரணத்துக்கு மனு எழுத உட்காருகிறோம். கீழே இருந்த வீட்டுக்காரருக்கும் மேலே என்ன நடந்தது என்று தெரிவதில்லை. தெரிந்தவர்கள் சொல்வதில்லை.

தெரியவில்லை என்று நாங்கள் தப்பிக்கவும் முடியாது. அலாஸ்காவும் நியூசிலாந்தும் தூரம் என்றால் உதகை தூரமா? மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954லிருந்து உதகமண்டலத்தில் இருக்கிறது. எங்கள் மலையில், எங்கள் மழையில், எங்கள் கிழங்குக் காட்டில் மண் எவ்வளவு அரிக்கிறது என்று அங்கே தலைமுறை தலைமுறையாக அளந்திருக்கிறார்கள். சரிவோடு மேலும் கீழுமாகப் பாத்தி பிடித்தால் எக்டேருக்கு டன் கணக்கில் மண் போகிறது. குறுக்காகப் பாத்தி பிடித்தால் அது குறைகிறது. படிக்கட்டுத் தளமாக நிலத்தை அமைத்தால் மிகச் சிறு பங்குதான் போகிறது. கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளி, சோலை என்று இருந்தபடியே விட்டு, மற்றதில் 1972ல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வைத்தார்கள். முதல் சுற்றில் ஓடைநீர் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய மரம் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 விழுக்காடு. ஒரு மரம் ஒரு ஓடையை என்ன செய்யும் என்பதற்கு இவ்வளவு பொறுமையாக அளந்த கணக்கு இந்தியாவில் அதிகம் கிடையாது. எங்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறோம்? மண் பரிசோதனைக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் உண்டு. சரிவைப் பற்றிக் கேட்கப் போனவர்கள் சொற்பம்.

கிழங்கு போடுபவர்கள் சரிவோடு பாத்தி பிடிப்பதை முட்டாள்தனம் என்று எழுதிவிடுவது சுலபம். அது அப்படி இல்லை. குறுக்காகப் பாத்தி பிடித்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் கிழங்கு அழுகும், அழுகினால் அந்தப் போகம் முழுக்க நஷ்டம். விவசாயி தண்ணீரைச் சீக்கிரம் இறக்கிவிடப் பார்க்கிறார். தண்ணீரோடு மண்ணும் இறங்குகிறது. குறுக்குப் பாத்தியில் தேங்கும் தண்ணீரை மண் போகாமல் பக்கவாட்டில் வடித்துவிட வழி உண்டு. அதற்குக் கொஞ்சம் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும் கான் வெட்டித் தூர்வார வேண்டும், மேல்காட்டுக்காரரும் கீழ்க்காட்டுக்காரரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றாவதில்தான் நாங்கள் தோற்றோம். என் காட்டுத் தண்ணீர் என் எல்லையைத் தாண்டினால் போதும் என்பது எங்கள் எழுதாத சட்டம்.

தேயிலை வந்தபோது இந்தக் கவலை தீர்ந்தது என்று நினைத்தோம். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கிறது, உழ வேண்டாம், மண் வெளியே தெரிவதில்லை. ஓரளவுக்கு உண்மையும்தான். நெருக்கமான தேயிலை, மழைத்துளி மண்ணில் நேரே விழாமல் தடுக்கிறது. கிழங்குக் காட்டோடு ஒப்பிட்டால் மேல்மண் அரிப்பு மிகக் குறைவு. ஆனால் பழைய எஸ்டேட்டுகளில் இருந்தது விதையில் முளைத்த தேயிலை. அதற்கு ஆணிவேர் உண்டு, ஆழமாக இறங்கும். விளைச்சலுக்காகப் பின்னால் நாங்கள் வைத்தவை கிளைத்துண்டில் பதியம் போட்ட நாற்றுகள். அவற்றுக்கு உண்மையான ஆணிவேர் கிடையாது. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை. நர்சரியில் நாற்று வாங்கும்போது எக்டேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்று கேட்டோம். வேரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதாக நினைவில்லை. சரி, நிழலுக்கு நின்ற சில்வர் ஓக்காவது வேர் விட்டிருக்கும். 1990களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தபோது பிள்ளைகளின் காலேஜ் பீஸுக்கு அந்த மரங்களும் போயின. அதைத் தப்பு என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சரிவின் கீழ்ப்பகுதியில், ஓடைக்கரையில் நின்றவற்றையாவது விட்டிருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955லேயே வந்தது. மரம் வெட்டுவதை மட்டும் அல்ல, மலைநிலத்தில் பயிர் செய்வதையும் முறைப்படுத்தும் சட்டம் அது. எழுபது வருஷமாக அந்தச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். மனுவில் நாங்கள் எழுதுவது என்ன? எத்தனை மரம், என்ன ஜாதி, வீட்டின் மேல் சாய்கிறது, உயிருக்கு ஆபத்து. பல மனுக்கள் நியாயமானவை. மழைக்காலத்தில் கற்பூர மரம் விழுந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். வீட்டுக்கு மேலே நாற்பது மீட்டர் மரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு தூங்க முடியாது. ஆனால் அந்த மரத்தை எடுத்த பிறகு சரிவைப் பிடிக்க என்ன செய்யப் போகிறோம் என்று எந்த மனுவிலும் நாங்கள் ஒரு வரி எழுதியதில்லை. கற்பூர மரமாக இருந்தால் அடிக்கட்டையை விட்டுவைத்தால் துளிர்க்கும், துளிர்த்தால் வேர் சாகாது. துளிரை அளவாக வெட்டிக்கொண்டே வந்தால் ஆபத்தும் இல்லை, பிடிப்பும் போகாது. இவ்வளவு எளிய விஷயம். நாங்கள் கட்டையைத் தோண்டி விறகுக்கு விற்கிறோம், அல்லது இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று ஜேசிபியை விட்டுப் பிடுங்குகிறோம். அதோடு பல வருஷத் தவணையில் போக வேண்டிய பலம் ஒரே மத்தியானத்தில் போகிறது.

மரத்தின் பாரம்தான் சரிவைத் தள்ளுகிறது, ஆகவே வெட்டுவதே நல்லது என்று ஒரு வாதம் எங்கள் டீக்கடைகளில் நிரந்தரமாக உண்டு. பல மீட்டர் மண்ணின் எடையோடு பார்த்தால் மரத்தின் எடை சொற்பம். பெருங்காற்றில் ஒரு செங்குத்தான வெட்டுச்சரிவின் உச்சியில் தனியாக நிற்கும் மரத்துக்கு அந்த வாதம் பொருந்தலாம். அப்படிச் செங்குத்தாக வெட்டியவர்கள் யார் என்றால் மறுபடியும் நாங்கள்தான்.

வேர் பற்றிப் பேசும்போது வெட்டுச்சரிவைப் பேசாமல் இருக்க முடியாது. வீடு கட்ட மலையைக் குடைந்து ஒரு தளம் எடுக்கிறோம். எடுத்த மண்ணைத் தளத்தின் வெளி ஓரத்தில் கொட்டி இடத்தை அகலப்படுத்துகிறோம், மிச்சத்தை ஓடையில் தள்ளுகிறோம். உள்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் செங்குத்து வெட்டு. அதில் பாதி வேர் அறுந்து வெளியே தொங்கும். வெளிப்பக்கம் எந்த வேரும் இல்லாத கொட்டுமண். ஒரே வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஆபத்தை நாங்களே செய்து கொடுத்துவிட்டு, நடுவில் கிரகப்பிரவேசம் நடத்துகிறோம். தடுப்புச் சுவர் கட்டினால் தண்ணீர் வடிய ஓட்டை விடுவதில்லை, சுவர் அசிங்கமாகத் தெரியுமாம். ஜேசிபிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. எந்த நேரத்தில் இயந்திரத்தை ஏற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற அறிவும் எங்களிடம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் லவ்டேல் காந்தி நகரில் கட்டட வேலைக்காகத் தோண்டிய இடத்தில் மேலே இருந்தது இடிந்து விழுந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிப்ரவரி மாதம். பழி போட மழைகூட இல்லை.

வேரின் கட்சியில் நின்று நான் பேசினாலும் அதற்கு எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மரவேரின் பெரும்பகுதி மேலே ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் இருக்கிறது. நீலகிரியில் பாறைக்கு மேல் சிதைந்த செம்மண் பல இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் கனம். அவ்வளவு ஆழத்தில் வழுக்கும் சரிவை எந்த மரமும் பிடிக்காது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை அழித்த சரிவு ஆளில்லாத வெள்ளரிமலைக் காட்டின் உச்சியில்தான் தொடங்கியது. காடு இருந்தால் சரியவே சரியாது என்று யாராவது மேடையில் பேசினால் நம்ப வேண்டாம். வேர் பிடிப்பது மேலோட்டமான சரிவுகளை. ஆனால் ஒரு பெருமழையில் சாலையை மறிப்பது, வீட்டின் பின்சுவரைத் தள்ளுவது, லைனைப் புதைப்பது எல்லாம் பெரும்பாலும் அந்த மேலோட்டமான சரிவுகள்தான். ஆழமானவற்றுக்கு முன்னால் செய்யக்கூடியது, அவற்றின் பாதையில் ஆட்களைக் குடிவைக்காமல் இருப்பது. அதையும் நாங்கள் செய்யவில்லை. மாவட்டத்தில் 283 இடங்கள் ஆபத்தானவை என்று ஒவ்வொரு பருவமழைக்கு முன்னாலும் அறிவிக்கிறார்கள். நாங்கள் அதைப் பேப்பரில் படித்துவிட்டு, நம்ம ஊர் பேர் இருக்கா என்று பார்த்து, இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

இந்த எல்லை தெரியாததால் எங்கள் பரிகாரமும் கோணலாகவே இருக்கிறது. ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் மரம் நடு விழா. சமதளமான பள்ளி மைதானத்தில், பேனருக்கு வசதியான இடத்தில். சரிவில் நட்டாலும் அந்தக் கன்றின் வேர் வேலைக்கு வரப் பத்து வருஷம் ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. மரமே இல்லாமல் இருக்க வேண்டிய இடத்திலும் நடுகிறோம். நீலகிரியின் மேல்தளம் புல்வெளியும் மடிப்புகளில் சோலையுமாக இருந்த நிலம். புல்லின் சல்லிவேர் மேல்மண்ணைப் பின்னிப் பிடித்து வைத்திருந்தது. அதை வெற்று நிலம் என்று எண்ணிச் சீகையும் (வாட்டில்) கற்பூரமும் வைத்து நிரப்பினார்கள் முன்னவர்கள். இப்போது அந்த அந்நிய மரங்களை எடுக்க வேண்டும் என்று நீதிமன்றமும் அரசும் சொல்கின்றன. சரிதான், எடுக்க வேண்டும். ஆனால் சீகை அடர்ந்த ஒரு செங்குத்துச் சரிவை ஒரே கோடையில் மொட்டையடித்தால் மேபீசோவில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். அடியில் சோலைக் கன்றுகள் முளைத்து வரும் இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, பட்டை பட்டையாக எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது மெதுவான வேலை. எங்களுக்கு மெதுவான வேலைகள் பிடிப்பதில்லை, டெண்டருக்கும் பிடிப்பதில்லை.

சமவெளிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு மலைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இங்கே அரித்த மண் குந்தா, பில்லூர் அணைகளில் போய்ப் படிகிறது. பில்லூர்த் தண்ணீரைத்தான் கோவை குடிக்கிறது. அணையைத் தூர்வாரக் கோரிக்கை வைக்கும் நாம் யாரும் அந்தத் தூர் எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. மே மாதத்தில் பள்ளத்தாக்கு தெரிகிற அறை வேண்டும் என்று பதிவு செய்பவர்கள், அந்தக் காட்சிக்காக எந்தச் சரிவு குடையப்பட்டது என்றும் கேட்பதில்லை. மலையைவிட்டு இறங்கி மைசூர் ரோட்டில் போனால் குண்டலுப்பேட்டை வரும். அங்கே விவசாயிகள் வெகுகாலமாக வயல் வரப்பில் வெட்டிவேர் வைத்து மண்ணைக் காத்து வந்தார்கள். 1980களில் உலக வங்கியின் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுப் போய் நாடு நாடாகச் சொன்னார்கள். மலேசியாவில் சாலைச் சரிவுகளில் அதை வைத்துப் பார்த்த தித்தி ஹெங்சாவோவனிச் என்ற பொறியாளர், 1996ல் அதன் வேரை இழுத்து அளந்தார். இழுவை பலம் சராசரியாக 75 மெகாபாஸ்கல், சாதாரண இரும்புக் கம்பியில் ஆறில் ஒரு பங்கு. உச்சிமலைப் பனியில் வெட்டிவேர் சிரமப்படும் என்பது உண்மை. குன்னூருக்குக் கீழே, கூடலூர்ப் பக்கம் அந்தச் சாக்கும் செல்லாது. மலையடிவாரத்து வழக்கத்தை மலேசியாவிலிருந்துகூட நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை. சில சாலைச் சரிவுகளில் இப்போது மண்ணுக்குள் இரும்பு ஆணி அடித்து, மேலே வலை விரித்து, புல் விதை தெளிக்கிறார்கள். நல்ல வேலைதான். வேர் சும்மா செய்துகொண்டிருந்ததை இப்போது மீட்டருக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துச் செய்கிறோம்.

இனி என்ன என்று கேட்டால் பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு பட்டியல் வேண்டும். ஊரைச் சுற்றி எந்தச் சரிவில், எந்த ஆண்டு, என்ன மரம் போனது, கட்டை இருக்கிறதா பிடுங்கியாயிற்றா, கீழே யார் வீடு. வெட்டி 3 முதல் 15 ஆண்டு ஆன சரிவுகளுக்குச் சிவப்பு மை. அவற்றுக்கு மேலே கான் அடைத்திருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்னால் பார்த்துவிட்டு, பெருமழை ராத்திரியில் அவற்றுக்குக் கீழே இருப்பவர்களை மட்டுமாவது பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகலாம். இதற்கு விஞ்ஞானி வர வேண்டியதில்லை. லாரிக்காரருக்கு வருஷம் தெரியும், தைலம் காய்ச்சுபவருக்குத் தெரியும், கொழுந்து பறிக்கும் அக்காமார்களுக்கு எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும். தாலுகா அலுவலகத்தில் எங்கள் மனுக்களே தேதியோடு கிடக்கும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் ஒரு ஊரின் பட்டியல் முடிந்துவிடும். போன ஊர்க்கூட்டத்தில் ஹெத்தையம்மன் பண்டிகை வசூல், தெருவிளக்கு, கோயில் ரோட்டுக்குத் தார் ஆகியவற்றைப் பேசினோம். ரோட்டை அகலப்படுத்த மேட்டை இன்னும் ஆறடி வெட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானமும் போட்டோம்.